தையலுக்கேற்ற பருத்தி நூல்

ஒரு சட்டைக்கு ஆகும் மொத்தச் செலவில் நூலுக்கென்று ஆவது மிகச் சொற்பமே. அதனால்தான், துணியைக் கையால் தடவியும், வெளிச்சத்தில் பிடித்தும், சாயம் போகுமா என்று நனைத்தும் பார்த்து வாங்குகிறவர்கள், நூற்கண்டை மட்டும் நிறப் பொருத்தம் ஒன்றையே பார்த்து வாங்கிவிடுகின்றனர். ஆயினும், ஆடைகள் பழுதாகும் விதத்தைக் கவனித்தால், நூலை இவ்வாறு புறக்கணிப்பது தகாது என்பது விளங்கும். துணி நைந்து போவதற்கு வெகு காலம் முன்னரே அக்குள் மூட்டிலும், தோள் மூட்டிலும், பையின் ஓரத்திலும் தையல் விட்டுப்போவது அன்றாட அனுபவமாகும்.

துணி நன்றாயிருக்கத் தையல் விட்டுப்போனால், உடுத்துகிறவர் குறை கூறுவது நூலையன்று, தைத்தவரையே. வீட்டில் ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுத்துக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு இத்தகைய குறை ஒன்றே ஒரு வாடிக்கையை இழக்கச் செய்யப் போதுமானது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டத்தில் இடம்பெற்ற 18 கைத்தொழில்களுள் தையல் தொழிலும் ஒன்று. பயிற்சியும் கருவியும் கிடைத்த பின்னும், நூல் சரியில்லையெனில் கைத்திறன் வெளிப்படுவதற்கில்லை.

நல்ல நூல் எது என்ற வினாவுக்கு, “எளிதில் அறாதது” என்பதே பலரும் கூறும் விடை. இது பாதி உண்மையே. ஒரு நூல் அறுவது அதன் மிக மெலிந்த இடத்தில்தான். ஏனைய இடங்களில் அது எவ்வளவு வலிமையுடையதாக இருப்பினும் பயனில்லை. ஆகவே, நெடுகிலும் ஒரே சீராக இருப்பதும், தைக்கப்படும் துணிக்கும் ஊசிக்கும் பொருந்தி வருவதுமே நல்ல தையல் நூலின் முதல் இலக்கணங்களாகும். இவ்விரண்டையும் வாங்குவோர் எவ்வாறு அறிந்து கொள்ளலாம் என்பதை இனிக் காண்போம்.

ஊசியில் நூல் படும் பாடு

நெசவு நூலுக்கும் தையல் நூலுக்கும் உள்ள வேறுபாடு அவை ஏற்கும் உழைப்பில் இருக்கிறது. தையல் இயந்திரத்தில் ஊசி துணியினுள் இறங்கியதும், அதன் காதிலுள்ள நூல் ஒரு வளையமாக விரிகிறது. அவ்வளையம் பாபினைச் சுற்றிவந்து கீழ்நூலைப் பிடித்துக் கொள்கிறது. பின்னர், தேவைக்கு மிஞ்சிய நூல் மேலே இழுக்கப்பட்டு முடிச்சு இறுகுகிறது. ஒரு தையலுக்கு வேண்டிய நூல் சில மில்லிமீட்டர் மட்டுமே. ஆனால் பாபினைச் சுற்றிவருவதற்கு அதைப் போலப் பல மடங்கு நூல் கீழே சென்று மீள வேண்டியிருக்கிறது. இதன் விளைவாக, நூலின் ஒவ்வொரு பகுதியும் துணியில் நிலைபெறுவதற்கு முன் ஊசிக் காதின் வழியே பல பத்துத் தடவை முன்னும் பின்னும் உரசிச் செல்கிறது.

ஒரு சென்டிமீட்டருக்கு 4 தையல் வீதம் தைத்தால், ஒரு மீட்டர் மூட்டில் 400 தையல்கள் விழும். அந்த 400 இழுப்புகளில் ஒன்றில் மெலிந்த இடம் அகப்பட்டுக் கொண்டால் நூல் அறும், இயந்திரம் நிற்கும், ஊசி மறுபடியும் கோக்கப்படும். அறாமல் தப்பினாலும், உரசலால் பஞ்சு பறந்து நலிந்த நூலே துணியில் தங்கும். அவ்விடம் சில சலவைகளுக்குப் பின் விட்டுப்போகும்.

பருத்தித் தையல் நூல் இன்றைய வடிவம் பெற்ற வரலாறும் இதனையே உணர்த்துகிறது. ஸ்காட்லாந்திலுள்ள பெய்ஸ்லி நகரில், காஷ்மீரச் சால்வைகளைப் பின்பற்றிச் சால்வை நெய்து வந்தனர். 1806ஆம் ஆண்டில் நெப்போலியன் விதித்த வாணிகத் தடையினால், தறிகளுக்கு வேண்டிய பட்டு நூல் அரிதாயிற்று. அதற்கு மாற்றாகப் பருத்தியிலேயே வழவழப்பும் உறுதியும் உள்ள நூலை அங்கிருந்த கிளார்க் குடும்பத்தார் செய்தனர். விரைவில் அது தையலுக்கும் பயன்படலாயிற்று. கைத்தையலுக்கு அந்நூல் போதுமானதாயிருந்தது. ஆனால், 1846இல் எலியாஸ் ஹௌ தையல் இயந்திரத்திற்கு உரிமை பெற்று, 1851இல் ஐசக் சிங்கரும் தமது இயந்திரத்தை வெளியிட்ட பின், கைத்தையல் நூல் இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அதன் பயனாகவே, ஆறு ஒற்றை நூல்களைச் சேர்த்து முறுக்கிய, உருண்டையான, சீரான நூல் வழக்கத்துக்கு வந்தது.

பஞ்சிழையின் நீளம்

நூலின் தரம் பஞ்சிலேயே தொடங்குகிறது. பருத்தி விதையின் மேல் வளரும் மயிர் போன்ற இழைகளே பஞ்சு. ஓர் இழையின் பருமன் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கைத் தாண்டுவது அரிது. 60ஆம் நம்பர் ஒற்றை நூலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், அதில் ஏறத்தாழ 70 இழைகளே இருக்கும். இவை ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை அல்ல. முறுக்கினால் ஏற்படும் உராய்வு ஒன்றே இவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. இழை நீளமாயின் பிடிப்பு மிகும். குறுகியதாயின் இழைகள் வழுக்கிப் பிரியும். மேலும், குறுகிய இழைகளின் நுனிகள் நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, ஊசிக் காதில் உரசிப் பஞ்சாகப் பறக்கும்.

நம் நாட்டில் பருத்தி, இழை நீளத்தைக் கொண்டு வகைப்படுத்தப்படுகிறது. 20 மில்லிமீட்டருக்குக் குறைந்தது குட்டை இழை, 27.5 முதல் 32 மில்லிமீட்டர் வரை நீண்ட இழை, 32.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் மிக நீண்ட இழை. சாகுபடி செய்யப்படும் நான்கு பருத்தி இனங்களும் பயிராகும் நாடு இந்தியாவேயாகும். அவற்றுள் நாட்டுப் பருத்தியின் குட்டையான, முரட்டு இழைகள் ஜமக்காளத்திற்கும் மெத்தைக்கும் ஏற்றவை. மெல்லிய தையல் நூலுக்கு ஏற்றவை அல்ல. கோயம்புத்தூரில் சுஜாதா என்னும் ரகத்தையும், மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் கலப்பினம் செய்து உருவாக்கி, 1974இல் வெளியிடப்பட்ட சுவின் பருத்தி, மிக நீண்ட இழைக்குப் பெயர் பெற்றது. அதன் பெயரே இரு பெற்றோரின் பெயர்களிலிருந்தும் அமைந்ததாகும்.

இழைகளின் நீளம், மென்மை, முதிர்ச்சி, வலிமை ஆகியவற்றை அளந்து, எப்பருத்தி எந்நூலுக்கு உகந்தது என்று ஆராயும் பணி நம் நாட்டில் ஒரு நூற்றாண்டாக நடைபெற்று வருகிறது. இந்திய மத்தியப் பருத்திக் குழு 1924இல் பம்பாயின் மாதுங்காப் பகுதியில் இதற்கென ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவியது. அதுவே இன்று மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது.

நீண்ட இழைப் பருத்தியிலும் குட்டை இழைகள் கலந்தே இருக்கும். அவற்றை நீக்குவதற்காகப் பஞ்சாலைகளில் பஞ்சை நுண்ணிய சீப்புகளால் வாருகின்றனர். கோம்பிங் எனப்படும் இம்முறையால் குட்டை இழைகளும், சிக்குண்ட சிறு முடிச்சுகளும் கழிவாகப் பிரிகின்றன. கழிவு மிகுவதால் நூலின் விலையும் உயர்கிறது. ஆயினும் தையல் நூலைப் பொறுத்தவரை இவ்வுயர்வு வீணன்று. கோம்பிங் செய்யப்பட்டது என்ற குறிப்பு நூற்கண்டின் சீட்டில் இருப்பின், அது கவனத்திற்குரியது.

முறுக்கும் புரியும்

ஒற்றை நூல் எவ்வளவு கவனமாக நூற்கப்பட்டாலும், அதில் தடித்த இடமும் மெலிந்த இடமும் மாறிமாறி இருந்தே தீரும். இக்குறையை நீக்குவதற்கே இரண்டு, மூன்று, சில சமயம் ஆறு ஒற்றை நூல்களைச் சேர்த்து முறுக்குகின்றனர். இவ்வாறு சேரும் ஒவ்வொன்றும் ஒரு புரி. ஒரு புரி மெலிந்துள்ள இடத்திலேயே மற்றப் புரிகளும் மெலிந்திருப்பது அரிது. ஆதலால், ஒன்றன் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. கணித முறைப்படி நோக்கினால், முப்புரி நூலின் ஏற்றத்தாழ்வு ஒற்றை நூலினதில் ஏறத்தாழ 58 சதவீதமாகக் குறைகிறது.

புரி எண்ணிக்கையினால் நூலின் வடிவமும் மாறுகிறது. இருபுரி நூல் சற்றுத் தட்டையாகவும், மேடுபள்ளமாகவும் இருக்கும். முப்புரி நூல் உருண்டையாக இருக்கும். உருண்டையான நூல் ஊசிக் காதில் தடையின்றி ஓடும். ஆகவே இயந்திரத் தையலுக்கு முப்புரி நூலே பெரிதும் விரும்பப்படுகிறது.

முறுக்கின் திசையும் முக்கியமானது. நூலைச் செங்குத்தாகப் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், புரிகள் சாய்வாகச் சுற்றியிருப்பது தெரியும். அச்சாய்வு கீழே இடப்புறத்திலிருந்து மேலே வலப்புறமாக ஏறினால், ஆங்கிலத்தின் கடைசி எழுத்தின் நடுக்கோட்டை ஒத்திருத்தலால், அதனை இஸட் முறுக்கு என்பர். எதிர்த்திசையில் ஏறுவது எஸ் முறுக்கு. சாதாரணத் தையல் இயந்திரத்தின் இயக்கம் எஸ் முறுக்கைத் தளர்த்தும் இயல்புடையது. அதனால் புரிகள் பிரிந்து நூல் அறும். இயந்திரத்திற்கென உள்ள நூல்கள் இறுதியில் இஸட் முறுக்குப் பெறுவதற்குக் காரணம் இதுவே. பூவேலைக்கென விற்கப்படும் நூல்களில் வேறு முறுக்கு இருக்கக்கூடுமாதலால், மீந்த பூவேலை நூலை இயந்திரத்தில் கோத்துத் தைப்பது நலமன்று.

முறுக்கு குறைந்தால் நூல் பிரியும். மிகுந்தால் சுருண்டு சிக்கும். ஒற்றை நூலுக்கு ஒரு திசையிலும், புரிகளைச் சேர்க்கும்போது எதிர்த்திசையிலும் முறுக்கேற்றுவதால், இரு முறுக்குகளும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. இச்சமநிலை அமைந்த நூலே அமைதியாக ஓடும்.

நம்பர் சொல்வதும் சொல்லாததும்

நூற்கண்டில் காணப்படும் நம்பர், நூலின் பருமனைக் குறிப்பது. பருத்தி நூலுக்குரிய பழைய கணக்கின்படி, ஒரு ராத்தல் எடையில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை இருக்கின்றனவோ அதுவே நம்பர். எனவே, நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 1,000 மீட்டர் நூலின் கிராம் எடையைக் குறிக்கும் டெக்ஸ் முறையில் இது தலைகீழாகும். டெக்ஸ் எண் ஏற ஏற நூல் தடிக்கும்.

தையல் நூலில் நம்பரை மட்டும் பார்ப்பது ஏமாற்றம் தரும். புரியையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும். 60ஆம் நம்பர் ஒற்றை நூல்கள் மூன்று சேர்ந்தால் விளையும் நூலின் பருமன் 20ஆம் நம்பருக்குச் சமம். 40ஆம் நம்பர் ஒற்றை நூல்கள் இரண்டு சேர்ந்தாலும் விளைவு அதே 20தான். பருமன் ஒன்றாயினும் தரம் ஒன்றன்று. முன்னது மெல்லிய, நீண்ட இழைகளால் ஆன மூன்று புரிகளைக் கொண்டது. பின்னது தடித்த இரண்டே புரிகளைக் கொண்டது. முன்னது உருண்டையாகவும் சீராகவும் இருக்கும். விலையும் கூடுதலாக இருக்கும். இவ்விரண்டையும் அருகருகே வைத்து, விலை குறைந்ததை எடுத்துச் செல்பவர், பருமன் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றே என்று எண்ணிவிடுகிறார்.

பாலியெஸ்டர் போன்ற செயற்கை நூல்களுக்கு நம்பர் கணக்கிடும் முறையே வேறு. ஆகையால், பருத்தியில் 40ஐயும் செயற்கை நூலில் 40ஐயும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது.

1947இல் நிறுவப்பட்ட இந்தியத் தர நிறுவனம், 1987 ஏப்ரல் 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்ற பெயரில் இயங்குகிறது. பருத்தித் தையல் நூலுக்கென ஐ.எஸ். 1720 என்னும் தர வரையறை உள்ளது. மொத்தமாக வாங்கும் தையற் கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளிகளும், விலைப்புள்ளி கோரும்போது இவ்வெண்ணைக் குறிப்பிடுவது நன்று. நூலைப் பற்றிப் பின்னர் தகராறு எழுந்தால், ஒத்துப் பார்ப்பதற்கு ஓர் அளவுகோல் கையில் இருக்கும்.

மெருகின் வகைகள்

நூற்று முறுக்கிய பின் நூலுக்குப் பலவகை மெருகு ஊட்டப்படுகிறது. விரைவாக ஓடும் நூலைச் சுடரின் ஊடே செலுத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழை நுனிகளைப் பொசுக்குவது ஒரு வகை. அதனால் நூல் வழவழப்பாகிறது.

மற்றொரு வகை மெர்சரைஸ் செய்தல். ஜான் மெர்சர் என்னும் ஆங்கில ரசாயன அறிஞர், 1844இல் காஸ்டிக் சோடாக் கரைசலைப் பருத்தித் துணியில் வடிகட்டியபோது, துணி சுருங்கித் தடித்திருப்பதைக் கண்டார். 1850இல் அம்முறைக்கு உரிமை பெற்றார். சுருங்காதபடி இழுத்துப் பிடித்துக்கொண்டு இம்முறையைக் கையாண்டால் பட்டுப் போன்ற பளபளப்பு உண்டாகும் என்பதை, 1890ஆம் ஆண்டளவில் ஹொரேஸ் லோ கண்டறிந்தார். சாதாரணப் பஞ்சிழை, காற்றுப் போன குழாயைப் போல் தட்டையாகவும் முறுகியும் இருப்பது. காஸ்டிக் சோடாவில் அது பருத்து உருண்டையாகிறது. அதனால் ஒளியைச் சீராகப் பிரதிபலிக்கிறது, சாயத்தை ஆழமாக ஏற்கிறது, வலிமையும் கூடுகிறது. இம்மாறுதல் இழையின் அமைப்பிலேயே நிகழ்வதால் சலவையில் அகலாது.

மூன்றாவது வகை, கஞ்சியும் மெழுகும் பூசித் தேய்த்து மினுக்கிய நூல். விறைப்பும் உறுதியும் உள்ள இந்நூல், பொத்தான் தைப்பதற்கும், தோல் தைப்பதற்கும், கைத்தையலால் கனத்த துணியை இணைப்பதற்கும் ஏற்றது. வீட்டு இயந்திரத்திற்கு இது ஆகாது. பூச்சு உதிர்ந்து, நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகளுக்கிடையே படியும். தையல் ஓரிடத்தில் இறுகியும், ஓரிடத்தில் தளர்ந்தும் விழும். கடையில் இரண்டும் ஒன்றுபோல் மின்னுமாதலால் ஒரு சோதனை தேவை. சிறு துண்டை நீரில் அலசிக் காயவைத்தால், மெர்சரைஸ் செய்த நூலின் பளபளப்பு நிலைக்கும். பூச்சு நூலின் பளபளப்பும் விறைப்பும் குறையும்.

எவ்வளவு வலிமை வேண்டும்?

நூல் எவ்வளவு வலிமையாயிருந்தால் அவ்வளவு நன்று என்னும் எண்ணம் தவறானது. மூட்டின் மேல் அளவுக்கு மிஞ்சிய இழுப்பு நேரும்போது, நூல், துணி ஆகிய இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். நூல் விட்டுக்கொடுத்தால், அதே இடத்தில் மறுபடியும் தைத்துச் சில நிமிடங்களில் ஆடையைச் சீர்ப்படுத்தலாம். துணி விட்டுக்கொடுத்தாலோ, மூட்டின் ஓரமாகக் கிழிந்து, ஒட்டுப்போடும் நிலை ஏற்படும். ஆகவே நூல், துணியைவிடச் சற்றே வலிமை குறைந்ததாக இருத்தல் வேண்டும் என்பது தையற்கலையின் நெடுநாளைய விதி. மெல்லிய மல் துணியைத் தடித்த நூலால் தைப்பது, காகிதத்தைக் கம்பியால் தைப்பது போலாகும். பாட்டி உடுத்திய பழம் புடைவையை வெட்டிக் குழந்தைக்குச் சட்டை தைக்கும்போது, இவ்விதியை மேலும் கவனத்துடன் பின்பற்றுதல் அவசியம்.

பருத்தி நூலுக்கு இங்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நனைந்த நிலையில் பருத்தியின் வலிமை குறைவதில்லை. மாறாக, 10 முதல் 20 சதவீதம் வரை கூடுகிறது. அடிக்கடி துவைக்கப்படும் ஆடைகளுக்கு இது பெரிதும் உதவுகிறது.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள்

ஆய்வுக்கூடக் கருவிகள் இன்றியே நூலின் தரத்தைப் பெருமளவு அறிந்து கொள்ளலாம். கடையில் ஒரு கண்டு மட்டும் வாங்கி வந்து, கீழ்க்காணும் சோதனைகளைச் செய்து, பின்னர் வேண்டிய அளவு வாங்குவது உத்தமம்.

1. சீர்மை: இரண்டு மீட்டர் நூலை எடுத்து, வெண்ணூலாயின் கரிய துணியின் மேலும், கருநூலாயின் வெள்ளைத் தாளின் மேலும் இழுத்து வைத்துப் பார்க்க வேண்டும். தடிப்பு, மெலிவு, முடிச்சு, சிலிர்த்த பஞ்சு ஆகியவை தெளிவாகத் தெரியும். அடர்ந்த நிற நூலில் வெண்புள்ளிகள் தென்பட்டால், சாயம் ஏற்காத முதிராப் பஞ்சு அதில் கலந்துள்ளது என்று அறியலாம்.

2. முறுக்கு: அரை மீட்டர் நூலின் இரு நுனிகளையும் பிடித்து, மெதுவாக ஒன்றுசேர்க்க வேண்டும். நடுப்பகுதி ஓரிரு சுற்றுகளோடு அமைதியாகத் தொங்கினால் முறுக்குச் சமமானது. வேகமாகச் சுழன்று பின்னிக்கொண்டால் அந்நூல் இயந்திரத்தில் சிக்கும்.

3. வலிமை: ஒரே இடத்தில் அறுத்துப் பார்ப்பது போதாது. ஓரடிக்கு ஒன்றாகப் பத்து இடங்களிலாவது இழுத்துப் பார்க்க வேண்டும். விரலை அறுக்காதபடி நூலைத் துணியில் சுற்றிப் பிடிப்பது நன்று. பத்துத் தடவையும் ஏறத்தாழ ஒரே விசைக்கு அறும் நூல், எட்டுத் தடவை உறுதியாக நின்று இரண்டு தடவை எளிதில் அறும் நூலைவிட மேலானது.

4. இழை நீளம்: நூலின் ஒரு துண்டை எதிர்த்திசையில் முறுக்கிப் பிரித்து, இழைகளை மெல்ல உருவிக் கரிய துணியில் வைத்து அளக்கலாம். 28 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள இழைகள் மிகுந்திருப்பின் நல்ல பஞ்சு என்று கொள்ளலாம்.

5. சாயம்: நூலை வெள்ளைத் துணியில் சில வரிசை தைத்து, சோப்புக் கரைத்த வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கசக்க வேண்டும். சுற்றிலும் நிறம் படிந்தால், அந்நூல் வெள்ளைச் சட்டைக்கோ வெளிர்நிற இரவிக்கைக்கோ ஆகாது.

6. சுருக்கம்: ஒரு மீட்டர் நூலை அளந்து, வெந்நீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, மீண்டும் அளக்க வேண்டும். 2 சென்டிமீட்டர் குறைந்தால் சுருக்கம் 2 சதவீதம். துணி சுருங்காமல் நூல் மட்டும் சுருங்கினால், மூட்டு நெடுகிலும் நெளிவு விழும். இஸ்திரியினாலும் அது நீங்காது.

7. எரிப்பு: சிறு துண்டை இடுக்கியால் பிடித்துக் கொளுத்தினால், பருத்தி விரைவாக எரிந்து, காகிதம் எரியும் மணம் வீசி, மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் தீயை விட்டுச் சுருங்கி, உருகி, கடினமான மணியாக இறுகும். இரண்டும் கலந்திருப்பின் சாம்பலோடு கடினமான துணுக்குகளும் காணப்படும்.

8. எடை: முப்புரி 60ஆம் நம்பர் நூல் 100 மீட்டர், ஏறத்தாழ 3 கிராம் எடை இருக்க வேண்டும்; முப்புரி 40ஆம் நம்பராயின் ஏறத்தாழ 4.4 கிராம். காலிக் கண்டின் எடையைக் கழித்து, நகை நிறுக்கும் தராசில் நிறுத்துப் பார்த்தால், சீட்டில் குறித்த நீளம் இருக்கிறதா என்பது விளங்கிவிடும்.

துணியும் ஊசியும் நூலும்

மல், வாயில் போன்ற மெல்லிய துணிகளுக்கு 80ஆம் நம்பரும் அதற்கு மேற்பட்ட மெல்லிய நூலும் பொருந்தும். பாப்ளின், கேம்பிரிக் முதலிய சட்டை, இரவிக்கைத் துணிகளுக்கு 50 அல்லது 60 போதுமானது. டிரில், கனத்த கதர் ஆகியவற்றிற்கு 40ஆம் நம்பரும், கான்வாஸ், திரைச்சீலைகளுக்கு 30 அல்லது 20ஆம் நம்பரும் ஏற்றவை. இழையோட்டுவதற்கு விலை குறைந்த, முறுக்குத் தளர்ந்த நூலே போதும், பிரிப்பதற்கும் எளிது.

ஊசியைத் தேர்ந்தெடுப்பதற்கு எளிய வழி ஒன்றுண்டு. ஒரு சாண் நூலில் ஊசியைக் கோத்து, நூலின் இரு நுனிகளையும் விறைப்பாகப் பிடித்துச் சாய்க்க வேண்டும். ஊசி தன் எடையாலேயே வழுக்கி இறங்கினால் பொருத்தம் சரி. நின்றுவிட்டால் ஊசிக் காது சிறியது; நூல் உரசி அறும். தடையேதுமின்றி விழுந்தால் காது பெரியது. துணியில் துளை பெரிதாகி, நூல் அதனை நிரப்பாது. நூல் அடிக்கடி அறும்போது நூலைப் பழிக்குமுன், ஊசியின் நுனி மழுங்கியுள்ளதா, காதில் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பது முறை.

பருத்தியா, பாலியெஸ்டரா?

இன்று கடைகளில் பெரும்பகுதி பாலியெஸ்டர் நூலே விற்கப்படுகிறது. அது வலிமை மிகுந்தது, சுருங்காது, ஈரத்தில் பூஞ்சணம் பற்றி மக்காது. இழுபடும் பின்னலாடைக்கும், செயற்கைத் துணிகளுக்கும் அதுவே ஏற்றது. ஓரளவு நெகிழ்ந்து கொடுப்பதால் தையல் விடாது. இவற்றைப் பருத்தி நூலால் தைத்தால், துணியை இழுத்தவுடன் நூல் அறும்.

ஆனால் பருத்தித் துணிக்குப் பருத்தி நூலே இணக்கமானது. இரண்டும் ஒரே விதமாக ஈரத்தை உறிஞ்சும். ஒரே விதமாகத் தேயும். தைத்த பின் சாயம் தோய்க்கும் ஆடைகளில், பருத்திக்குரிய சாயத்தைப் பாலியெஸ்டர் ஏற்காது. தையல் மட்டும் நிறம் மாறாமல் தனித்துத் தெரியும். வெப்பத்திலும் பருத்திக்கே மேன்மை. தொழிற்சாலைகளில் நிமிடத்திற்குப் பல்லாயிரம் தையல் போடும் இயந்திரங்களின் ஊசி கடுமையாகச் சூடேறும். பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரி சென்டிகிரேடில் உருகும், பருத்தி உருகுவதில்லை. நல்ல சூட்டில் இஸ்திரி போடும் பருத்தி ஆடைகளுக்கும் இது பொருந்தும். பாலியெஸ்டரை உள்ளிழையாகவும் பருத்தியை மேலுறையாகவும் கொண்ட நூல்கள், இருவகை நன்மைகளையும் ஒருங்கே தருவதற்காகச் செய்யப்படுபவை.

வாங்கிய பின்

பருத்தி நூலுக்குப் பகை மூன்று: வெயில், ஈரம், அமிலம். கடையின் கண்ணாடிப் பெட்டியில் பல மாதங்கள் வெயில் பட்ட கண்டின் மேற்சுற்றுகள் நிறம் வெளுத்து, வலிமை குன்றியிருக்கும். அத்தகைய கண்டை வாங்க நேர்ந்தால், மேற்சுற்றுகளைக் கழித்துவிட்டு உட்சுற்றுகளைச் சோதித்துப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் தங்கும் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பற்றும். கஞ்சிப் பூச்சுள்ள நூலைப் பூச்சிகளும் நாடி வரும். மூடியுள்ள உலர்ந்த தகரப் பெட்டியோ கண்ணாடிச் சாடியோ போதிய பாதுகாப்பாகும். நெடுநாள் கிடந்த கண்டைப் புதுத்துணியில் பயன்படுத்துமுன், மேற்கூறிய பத்து இழுப்புச் சோதனையைச் செய்து பார்ப்பது நலம்.

விலையைக் கண்டுக்கு இவ்வளவு என்று ஒப்பிடாமல், மீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பிடுதல் வேண்டும். இயந்திரத் தையலில் ஒரு மீட்டர் மூட்டுக்கு மேல்நூலும் கீழ்நூலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மீட்டர் நூல் செல்லும். ஓர் இரவிக்கையில் 12 மீட்டர் தையல் ஓடுவதாகக் கொண்டால், மிகுதியாகப் போனாலும் 36 மீட்டர் நூல் ஆகும். மட்டமான நூல் மீட்டர் 8 காசு என்றும், தரமான நூல் 15 காசு என்றும் வைத்துக்கொண்டாலும், ஓர் இரவிக்கைக்கு நேரும் வித்தியாசம் 2 ரூபாய் 52 காசே. விட்டுப்போன தையலைப் பிரித்து மறுபடியும் தைப்பதற்கு ஆகும் நேரத்தின் மதிப்பு இதனினும் மிகுதி என்பதைத் தையல் தொழிலில் உள்ளோர் நன்கறிவர். நூலில் மிச்சப்படுத்தும் அத்தொகை, முதல் தையல் விட்ட அன்றே செலவாகிவிடும்.